அரக்கு அரக்காகவே தெரியட்டும்: ஸ்மார்ட்போன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் ஸ்மார்ட்போன் செய்து விற்கும் நிறுவனங்களின் திரைப் பொறியாளர்களுக்கும், போன் எந்த வண்ண அமைப்போடு பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். நெசவாளர் வீடுகள், சின்னக் கடைகள், வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் பெண்கள், இவர்கள்தான் எனக்கு வேலை தருகிறவர்கள். பட்டு வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் நிறத்தைத்தான் பார்ப்பார். அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, மயில் கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ என்று எங்கள் ஊரில் நிறங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் அண்டை நிறம் ஒன்று உண்டு. அரக்கு கொஞ்சம் தெளிந்தால் குங்குமச் சிவப்பு. வாடாமல்லி கொஞ்சம் சிவந்தால் ராணி பிங்க். வாங்குகிறவருக்கு இவை வேறு வேறு புடவைகள். முகூர்த்தத்துக்கு அரக்கு கேட்டவர் வீட்டில் குங்குமச் சிவப்பு வந்து இறங்கினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படத்தை நான் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கடைசியில் அதைக் காட்டுவது நீங்கள் செய்த திரை. அது நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது, எந்த அமைப்பில் வைத்தால் சரியாகக் காட்டும் என்ற இரண்டையும் நீங்கள் வாங்குகிறவருக்குச் சொல்வதில்லை. உங்கள் ஆய்வுக்கூடங்களில் இதை அளக்கிறீர்கள். அளந்ததைப் பெட்டியில் அச்சிடுங்கள். போனை முதன்முதலில் திறக்கும்போதே, உள்ளது உள்ளபடி காட்டும் அமைப்பு வேண்டுமா, பளிச்சென்று காட்டும் அமைப்பு வேண்டுமா என்று கேளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

ஒரு புடவையைப் படம் எடுக்கும்போது முதல் படத்தில் 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டையைச் சேர்த்து எடுப்பேன். அந்த அட்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறத்தின் மதிப்பு முன்கூட்டியே தெரியும்; கேமரா எங்கே தவறியிருக்கிறது என்பதை அதை வைத்துக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். மானிட்டரை அளவுக் கருவியால் காலிபரேட் செய்து வைத்திருக்கிறேன். பிறகு துணியையே மானிட்டருக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் பிடித்து, உடல், பார்டர், முந்தி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்தான் படம் என் கையை விட்டுப் போகும். இத்தனைக்கும் பிறகு பார்சல் திரும்பி வருகிறது. காரணம் என்ற இடத்தில், "போட்டோவில் பார்த்த கலர் இல்லை."

அப்படிச் சொல்கிற வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. அவர் போனில் அவர் பார்த்தது அந்த நிறம்தான். ஒரே படத்தை ஒரு எல்சிடி போனிலும், பளிச்சென்ற அமைப்பில் இருக்கும் ஓர் அமோலெட் (ஓஎல்இடி திரையின் ஒரு வகை) போனிலும், இயல்பான அமைப்புக்கு மாற்றிய இன்னோர் அமோலெட் போனிலும் திறந்து, நடுவில் புடவையை விரித்து வைத்துப் பாருங்கள். மூன்றாவது போன் புடவைக்குப் பக்கத்தில் வரும். முதலாவதில் சந்தன நிறம் வெள்ளையாகி, மஞ்சள் சோகை பிடித்ததுபோல் இருக்கும். இரண்டாவதில் அரக்கு குங்குமமாகக் கொதிக்கும்.

இதில் நட்டம் யாருக்கு என்பதைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகளோடு பொருள் பொருந்தவில்லை என்றால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. நல்ல விதி, வாங்குகிறவருக்கு அது வேண்டும். ஆனால் பொருளும் சரி, படமும் சரி, இடையில் இருந்த திரைதான் மாற்றிக் காட்டியது என்றால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது? போக வரக் கூரியர் கட்டணம், ஒரு முறை பிரித்து மடித்த பட்டைப் புதிதென்று விற்க முடியாத சங்கடம், முகூர்த்தம் தாண்டிப்போன நிறம், எல்லாம் விற்ற பெண்மணியின் தலையில். திரை செய்தவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

எல்சிடி மோசம், ஓஎல்இடி நல்லது என்று பொதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். நிறத்துக்கு ஓஎல்இடி ஆகாது, எல்சிடியில் ஐபிஎஸ் என்ற வகைதான் நம்பகமானது என்று எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் பாதி உண்மை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மடலைப் படிக்கும் வாங்குகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வெள்ளை எல்இடி வெளிச்சம் வருகிறது. திரவப் படிகம் அதைக் கூட்டியும் குறைத்தும் விட, மேலே இருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் நிறத்தைப் பிரிக்கின்றன. அந்த வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான். அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அதனால் சாதாரணப் பின்விளக்கில் நீலம் தாராளமாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருக்கும். மலிவான எல்சிடி போன்களில் வெள்ளை நீலம் பாய்ந்து தெரிவதும் சிவப்பு சப்பென்று போவதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பாஸ்பரை மாற்றி, வடிகட்டியை மேம்படுத்தி, ஒவ்வொரு பேனலையும் அளந்து சரிசெய்தால் இதே எல்சிடி அருமையாக நிறம் காட்டும். 2016-இல் வந்த ஐபோன் 7 எல்சிடி திரைதான். அது டிஸ்பிளே பி3 என்ற விரிந்த நிறப்பரப்பைக் காட்டியது. நிறப்பரப்பு என்பது ஒரு திரையோ படமோ எதுவரை நிறம் கொள்ளும் என்ற எல்லை. எந்தப் படம் எந்த நிறப்பரப்பில் எடுக்கப்பட்டது என்பதை அதன் இயங்குதளம் பார்த்துப் பொருத்தவும் செய்தது.

ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பென்றால் அந்தப் புள்ளி அணைந்தே போகும், ஆகவே கறுப்பு கறுப்பாகவே இருக்கும். அதன் சிவப்பும் பச்சையும் தூய்மையானவை, குறுகிய அலைவரிசையில் ஒளிர்பவை. அதனால் இயல்பிலேயே அதன் நிறப்பரப்பு விரிந்தது. சிக்கலும் அந்த விரிவிலிருந்துதான் வந்தது. இணையத்தில் உலவும் பெரும்பாலான படங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற பழைய நிறப்பரப்புக்காகச் செய்யப்பட்டவை. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமான பரப்பு அது. எஸ்ஆர்ஜிபி படத்தில் "முழுச் சிவப்பு" என்று எழுதியிருந்தால் அந்தப் பரப்பின் முழுச் சிவப்பைத்தான் அது கேட்கிறது. விரிந்த திரை அதைத் தன்னுடைய முழுச் சிவப்பு என்று எடுத்துக்கொண்டால் நிறம் இழுபட்டுப்போகும். ஆண்ட்ராய்டில் இதைச் சரியாகக் கையாளும் நிற மேலாண்மை 2017-இல் 8.0 பதிப்போடுதான் வந்தது. 2010-இல் முதல் கேலக்ஸி எஸ் வந்த காலம் தொட்டு அமோலெட் என்றாலே "அடிக்கிற கலர்" என்று பெயர் வாங்கியதற்கு இதுவே பெரிய காரணம். திரையின் வகை செய்த குற்றம் அதில் குறைவு. திரையிடம் படத்தைக் கொடுத்த முறையின் குற்றம் அதிகம்.

புடவைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. எஸ்ஆர்ஜிபியின் நீல முனையும் பி3-இன் நீல முனையும் ஒன்றேதான். வேறுபடுவது சிவப்பு முனையும் பச்சை முனையும். ஆகவே பி3 அளவுக்கு இழுத்துக் காட்டும் பளிச் அமைப்பில் அரக்கும், கிளிப்பச்சையும், சிவப்பும் பச்சையும் சேர்ந்து உண்டாகும் மாம்பழ மஞ்சளும் அதிகமாகக் கெடும், எம்.எஸ். ப்ளூ ஓரளவு தப்பிக்கும். வெள்ளையைக் குளிராக வைத்திருக்கும் போனில் கதை வேறு. தரப்படி வெள்ளை என்பது டி65, சுமார் 6500 கெல்வின். அதைவிட வெகுவாக நீலம் தூக்கலாக வைத்தால் எல்லா நிறத்திலும் நீலம் ஏறும். சந்தனமும் வெங்காயச் சருகும் அடையாளம் தெரியாமல் போகும். திரும்பி வந்த புடவையின் நிறத்தைப் பார்த்தே, வாங்கியவரின் போன் எந்த வகையில் தவறியிருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. இந்த ஊகம் எனக்கு வாய்த்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இது எனக்குத் தேவைப்பட்டிருக்கவே கூடாது.

எந்தத் திரையாலும் ஆகாத காரியங்களும் உண்டு. மயில் கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாற மாற நிறம் மாறும். ஒரு நிலைப்படத்துக்குள் அது அடங்காது. 1980-இல் பாயின்டர் என்ற ஆய்வாளர் 4089 மாதிரிகளை வைத்து, உலகத்துப் பொருள்களின் மேற்பரப்பு நிறங்கள் எதுவரை போகின்றன என்று வரைந்து காட்டினார். அந்த எல்லையில் நல்ல பங்கு எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழுகிறது, குறிப்பாக மயில் கழுத்தின் பசுநீலப் பக்கம். பி3 அதில் கூடுதலாகத் தொடுகிறது, முழுதாகத் தொடுவதில்லை. இதற்காக உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காட்ட முடிந்த நிறத்தை வேண்டுமென்றே மாற்றிக் காட்டுவதற்குத்தான் சொல்கிறேன்.

"மக்களுக்குப் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கிறது" என்பீர்கள். இதற்கு நல்ல சாட்சியும் உங்களிடம் உண்டு. 2017-இல் கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல் போனை எஸ்ஆர்ஜிபியை மதிக்கும் அமைப்போடு விட்டது. நிறம் செத்துப்போய் இருக்கிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். கொஞ்ச நாளில் மென்பொருள் வழியாக அடர்த்தி கூட்டிய அமைப்பு ஒன்றைக் கூகுள் சேர்த்துக் கொடுத்தது. அந்தத் திரையில் வேறு குறைகளும் இருந்தன என்பது ஒருபக்கம் இருக்கட்டும். கூகுள் அன்று செய்தது பழைய அமைப்பை எடுத்துவிடாமல் புதியதைப் பக்கத்தில் வைத்ததுதான். நான் கேட்பதும் அதையேதான். பளிச் அமைப்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. வெயிலில் நிற்கும்போது திரையில் படும் வெளிச்சம் நிறத்தை வெளுக்கச் செய்யும். அப்போது அடர்த்தியைக் கூட்டிக் கொடுப்பது நியாயமான ஈடு. சினிமா பார்க்க, விளையாட, அவரவர் விருப்பம். ஆனால் அப்படி ஒரு தேர்வு இருப்பதே வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. அமைப்புகளுக்குள் போய், டிஸ்பிளேயைத் தேடி, அதற்குள் இன்னொரு பக்கத்தில் போய்ப் பார்க்கிறவர் யார்? புடவை வாங்கும் அம்மாவா?

அங்கே போனாலும் ஒரே பெயர் இருக்கிறதா என்றால் இல்லை. ஒரு நிறுவனம் "நேச்சுரல்" என்கிறது, இன்னொன்று "ஒரிஜினல் கலர்" என்கிறது, மற்றொன்று "புரொஃபஷனல்" என்கிறது. சிலவற்றில் "ஸ்டாண்டர்ட்" என்பது இயல்பான நிறம், சிலவற்றில் அதுவே பளிச் நிறம். புடவை விற்கும் பெண்கள் படத்தோடு, "போன் செட்டிங்கில் இதை மாற்றிப் பாருங்கள்" என்று எழுதி அனுப்பலாம் என்றால் எந்தப் பெயரை எழுதுவது? நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் என்றாலும் சரி, தமிழ் இடைமுகத்திலும் அது புரிகிற தமிழில் இருக்கட்டும்.

அடுத்து உங்கள் விளம்பரங்கள். "100 சதவீதம் டிசிஐ–பி3", "100 கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள்" என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். முதலாவது, சினிமாவுக்கென வகுத்த பி3 நிறப்பரப்பில் திரை எவ்வளவு தூரம் வரை போக முடியும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, நிறத்தை எத்தனை நுண்ணிய படிகளாகப் பிரிக்க முடியும் என்பதைச் சொல்கிறது. கேட்ட நிறத்தைக் கொடுக்கிறதா என்பதை இரண்டுமே சொல்லவில்லை. அதைச் சொல்லும் எண் டெல்டா இ. கேட்ட நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள இடைவெளி அது. சுமார் 1 என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்டுபிடிப்பது கடினம். 2, 3 என்றால் உற்றுப் பார்க்கிறவருக்குத் தெரியும். 5-க்கு மேல் போனால் யாருக்கும் தெரியும். இன்றைய நல்ல ஓஎல்இடி போன்கள் இயல்பான அமைப்பில் 1-ஐ ஒட்டி வருகின்றன. இதை மனமாரப் பாராட்டுகிறேன், காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ மானிட்டருக்கு நிகரான வேலை அது. ஆனால் உங்களில் சிலர் "டெல்டா இ 1-க்கும் கீழ்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, போனை வேறோர் அமைப்பில் வைத்து விற்கிறீர்கள். எந்த அமைப்பில், எந்த நிறப்பரப்புக்கு, எந்த வெளிச்ச அளவில் அளந்தது என்று சொல்லாத டெல்டா இ எண்ணால் வாங்குகிறவருக்கு ஒரு பயனும் இல்லை.

வெளிச்ச அளவைச் சும்மா சொல்லவில்லை. வெளிச்சத்தை மிகக் குறைத்து வைக்கும்போது ஓஎல்இடி திரைகள் பலவற்றில் சாம்பல் நிறம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயும். கறுப்புக்குப் பக்கத்து அடர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். இரவு படுக்கையில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு புடவை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். அடர் அரக்கும் பாக்குக் கலரும் அங்கே ஒன்றாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் நடுத்தர வெளிச்சத்தில் மட்டும் அளந்தால் இது எண்ணில் வராது. குறைந்த வெளிச்சத்திலும் அளந்து சொல்லுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் வசதி இருக்கிறதே, அது ஓடிக்கொண்டிருக்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு ஓர் ஓரத்தில் சின்ன அடையாளம் காட்டினால் போதும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எண் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. நிறத்தை அளக்கும் முறையே 1920-களில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் மொத்தம் 17 பேரின் கண்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து 1931-இல் உருவானது. ஓஎல்இடி போலக் குறுகிய அலைவரிசையில் ஒளிரும் திரையையும் எல்சிடியையும் அருகருகே வைத்தால், கருவி இரண்டும் ஒரே வெள்ளை என்று சொல்லும். கண் வேறு என்று சொல்லும். ஸ்டுடியோக்களுக்கு ஓஎல்இடி மானிட்டர் செய்த சோனி இதைக் கண்டுகொண்டு, அந்த 1931 அளவுமுறைக்கு ஜட் என்பவர் செய்த திருத்தத்தைப் பின்பற்றி வெள்ளையைச் சற்றே நகர்த்தி வைத்தது. கோடிகளில் விற்கும் போன்களுக்கு அந்த அக்கறை ஏன் கூடாது? அளவுக் கருவியின் எண்ணோடு, பல வயதினரின் கண்ணால் ஒப்பிட்ட முடிவையும் உங்கள் வெள்ளைப் புள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படி நகர்த்தினீர்கள் என்பதை வெளியே சொல்லவும் செய்யுங்கள்.

எனக்கு மிகவும் கசப்பான இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரே மாடல் போனுக்கு இரண்டு மூன்று ஆலைகளிலிருந்து பேனல் வாங்குகிறீர்கள். அது வியாபாரம், புரிகிறது. ஆனால் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விலை கொடுத்து வாங்கிய இரண்டு போன்கள் இரண்டு வெள்ளையைக் காட்டினால் வாங்கியவர் யாரிடம் போவார்? எந்த ஆலைப் பேனல் வந்தாலும் ஒரே எண்ணுக்குள் வரும்படி ஒவ்வொரு போனையும் ஆலையில் அளந்து சரிசெய்து அனுப்புங்கள். விலை உயர்ந்த மாடல்களுக்கு இதைச் செய்கிறீர்கள். 15 ஆயிரம் ரூபாய் போனில்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் புடவை பார்க்கிறார்கள்.

திரை உடைந்தால் கதை இன்னும் மோசம். பழுது பார்க்கும் கடையில் "காம்போ மாத்தணும்" என்பார்கள். திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த பாகம்தான் காம்போ. ஓஎல்இடி காம்போ விலை அதிகம் என்று சொல்லி, அமோலெட் போனுக்கு இன்செல் எனப்படும் எல்சிடி வகைக் காம்போ போட்டுக் கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. போன் அதே போன், பெட்டியும் அதே பெட்டி. உள்ளே இருக்கும் திரை வேறு தொழில்நுட்பம். போனின் மென்பொருளோ பழைய ஓஎல்இடி பேனலுக்குரிய திருத்த எண்களையே புதிய எல்சிடிக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். நிறம் எப்படி விளங்கும்? கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அசல் பேனல் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் போன் விலையில் பாதி. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. உதிரிபாக விலையும் பழுது பார்க்கும் விவரமும் அங்கே வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதோடு, திரை மாற்றிய பின் நிறத்தைச் சரிசெய்யும் மென்பொருளையும் வெளியில் உள்ள கடைகளுக்குக் கொடுங்கள். அசல் அல்லாத பேனல் இருந்தால் அமைப்புகளில் அது தெரியட்டும், ஆனால் அதைக் காரணம் காட்டி வசதிகளை முடக்க வேண்டாம்.

இது புடவைக்காரன் புலம்பல் மட்டும்தான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்த பிறகு, தோலில் தடிப்பையும் கண்ணின் மஞ்சளையும் படமாக அனுப்பி மருத்துவரிடம் கேட்பது சாதாரணமாகிவிட்டது. அந்தப் படத்தை மருத்துவர் பார்ப்பதும் ஒரு போனில்தான். அடர்த்தி கூட்டிய திரையில் நம் மாநிறம் செம்மஞ்சளாகும். சாதாரணச் சிவப்புகூட வீக்கம்போல் தெரியும். நீலம் பாய்ந்த திரையில் கண்ணின் மஞ்சள் மறைந்துபோகும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் எந்த வேலையும் இன்று உங்கள் திரை வழியாகத்தான் நடக்கிறது. சிவகாசியில் அச்சுக்குப் போகும் நாட்காட்டிக்கு ப்ரூஃப் பார்ப்பதும், வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட் நிறத்தைத் தேர்வதும், நகைக் கடையில் கல்லின் நிறத்தை மகளுக்கு அனுப்பிக் கேட்பதும் அப்படியே.

எண்ணைப் பெட்டியில் போடச் சொன்னால் அதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்வீர்களோ என்று தோன்றுகிறது. 2012 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் விற்கும் போன்களின் கதிர்வீச்சு உட்கிரகிப்பு அளவு ஒரு கிராம் திசுவில் சராசரி பார்த்தால் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது, அதைத் தெரியப்படுத்தவும் வேண்டும் என்று அரசு சொன்னது. செய்தீர்கள். இன்று பெரும்பாலான போன்களில் *#07# அழுத்தினால் அந்த எண் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போனோடு ஒரு முத்திரைச் சீட்டு வருகிறது. மின்திறன், ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம், கீழே விழுந்தால் தாங்குமா, பழுது பார்க்க எளிதா, தூசி நீர் புகுமா என்று எல்லாம் அதில் உண்டு. நிறத் துல்லியம் அதிலும் இல்லை. ஐரோப்பாவில் இல்லாததை இங்கே ஏன் கேட்கிறாய் என்றால், அங்கே வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் இங்கே இருக்கும் அளவுக்கு இல்லை. காய்கறிக் கடைக்காரரின் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட்டுப் பரிசோதிக்கும் நாடு இது. நிறத்தை வைத்து நடக்கும் வியாபாரத்துக்கு உங்கள் திரைதான் தராசு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இல்லாமல் உங்கள் போன் இங்கே விற்பனைக்கு வர முடியாது. அமைவனத்துக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். அவர்கள் கட்டாயமாக்கும் வரை காத்திருக்காமல் நீங்களே முன்வந்து செய்தால் உங்களுக்கு மரியாதை.

பெட்டியில் என்ன அச்சிட வேண்டும் என்று நான் நினைப்பதையும் எழுதிவிடுகிறேன், இது வெறும் பேச்சாகப் போய்விடக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் திரை எந்த அமைப்பில் இருக்கிறது, அந்த அமைப்பில் எஸ்ஆர்ஜிபி படத்துக்கு டெல்டா இ-யைக் கணக்கிடும் முறைகளில் ஒன்றான டெல்டா இ 2000 கணக்கில் சராசரி எவ்வளவு, மிக மோசமான நிறத்துக்கு எவ்வளவு. இயல்பான அமைப்புக்கும் அதே இரண்டு எண்கள், அந்த அமைப்பின் பெயர். வெள்ளை எத்தனை கெல்வின். அளந்த வெளிச்சம் எத்தனை நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு), குறைந்த வெளிச்சத்தில் அளந்தபோது எண் எப்படி மாறியது. அளக்கும் நிறங்களில் மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் கட்டாயம் இருக்கட்டும். இத்தனையும் ஒரு தீப்பெட்டி லேபிள் அளவு இடத்தில் அடங்கும். மென்பொருள் புதுப்பிப்பு வரும்போது, வாங்கியவர் தேர்ந்து வைத்த அமைப்பு தானாகப் பளிச்சுக்கு மாறிவிடக் கூடாது; இது இப்போதும் நடக்கிறது, சின்ன விஷயம்போல் தெரிந்தாலும் ஒருமுறை சரியாக வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையையே அது கெடுத்துவிடுகிறது.

செயலிகள் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐபோன் இப்போது படங்களை பி3 பரப்பில் சேமிக்கிறது. அந்த விவரத்தைப் படத்திலிருந்து உரித்தெறிந்துவிட்டு அனுப்பினால், அடுத்த போன் அதை எஸ்ஆர்ஜிபி என்று எண்ணி வெளிறிய நிறமாகக் காட்டும். படத்தைச் சுருக்குங்கள், ஆனால் நிறக்குறிப்பை வைத்திருங்கள், அல்லது முறையாக எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். சில நூறு பைட்டுகள்தான் அந்தக் குறிப்பு.

அடுத்து வரும் உங்கள் மாடல்களில் ஒன்றிலாவது, அது 15 ஆயிரம் ரூபாய் மாடலாக இருந்தால் மிக நல்லது, இந்த எண்களை அச்சிட்டுப் பாருங்கள். சோதித்துப் பார்க்கச் சாயம் உறுதியான பட்டுத் துண்டுகள் வேண்டுமென்றால் நான் தருகிறேன்: அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கிளிப்பச்சை, சந்தனம், எம்.எஸ். ப்ளூ, மயில் கழுத்து. ஒவ்வொன்றையும் அளவுக் கருவியில் அளந்து, அளவுகளைக் கூடவே எழுதி அனுப்புகிறேன். முகவரியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காஞ்சிபுரத்தில் புடவைகளுக்குப் படம் எடுக்கும் ஒருவன்